அண்ணனின் சட்டைப் பையில் இருந்த பிளக்குகள்

மேடையில் அமர்ந்திருக்கும் துறைப் பெரியவர்களுக்கும், முன்வரிசையில் அண்ணனின் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணிக்கும், வேலை உடையோடு சுவரோரம் நிற்கும் என் குழுவினருக்கும், மரம் விழுந்த அந்தத் தெருவிலிருந்து வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம். எனக்குக் கோபமாக இருக்கிறது. அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரப் பார்த்தேன், முடியவில்லை.

எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். 'மரத்தோடு போராடி உயிர் நீத்த வீரர்' என்று எழுதியிருக்கிறார்கள். யார் போராடினார்? எங்கள் அவசரப் பணிக்குழுவின் தலைவர், நாங்கள் எல்லோரும் 'பொறு அண்ணன்' என்று அழைத்த அந்த மனிதர், ஒரு நாளும் எந்த மரத்தோடும் போராடியதில்லை. கூரைமேல் விழுந்த மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். குனிந்து பார்ப்பார். எது எதன்மேல் சாய்ந்திருக்கிறது என்று கைநீட்டிக் காட்டுவார். நாங்கள் ரம்பத்தைத் தூக்கினால், "பொறு, பொறு. மரம் எங்கயும் ஓடிப்போயிடாது" என்பார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அண்ணிக்கு அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். "ஊருக்கெல்லாம் பொறுங்கிறாரு, வீட்ல சோறு கொஞ்சம் லேட்டானா தட்டுல தாளம் போடுறாரு" என்பார். அதுவும் உண்மைதான். பசி மட்டும் அவருக்குத் தாங்காது.

வேலையில் அவருக்கு ஒரு முறை இருந்தது. மரம் விழுந்த கட்டடத்துக்குள் முட்டுக் கொடுக்க யார் போனாலும், வெளியே இருக்கும் பெட்ரோல் ரம்பங்களின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். விரல் அளவுப் பொருள்தான். அது இல்லாமல் எவ்வளவு இழுத்தாலும் ரம்பம் ஓடாது. உள்ளே போனவர் வெளியே வந்து முகத்தைக் காட்டிய பிறகுதான் திருப்பித் தருவார். "எங்கமேல நம்பிக்கை இல்லையாண்ணே?" என்று ஒருமுறை சலித்துக்கொண்டேன். "உன்மேல இருக்குடா. உன்னை விரட்டுறவங்க மேலதான் இல்ல" என்றார்.

அன்றைக்கு, கூரைமேல் மரம் சாய்ந்த தையற்கார அம்மாவின் வீட்டு வாசலில் யார்தான் விரட்டவில்லை? அந்த அம்மாவும் பிள்ளைகளும் முன்பே பத்திரமாக வெளியே வந்துவிட்டார்கள். உள்ளே காப்பாற்ற ஓர் உயிரும் இல்லை. விரிசல் விட்ட கூரைக்கு முட்டுக் கொடுக்க அண்ணன் மட்டும் உள்ளே போனார். நாங்கள் பின்பக்க ஜன்னல் வழியே அவருக்கு முட்டுக் கம்பிகளை நீட்டிக்கொண்டிருந்தோம். தெருவில் கரண்ட் இல்லை, வண்டி போக வழி இல்லை. "பாத்துட்டே நின்னா மரம் தானா எந்திரிச்சுப் போயிடுமா?" என்று ஒருவர் கேட்டார். கூட்டம் சிரித்தது. மேடையில் இருக்கும் ஐயாவும் போன் செய்து, "இன்னும் ஒரு கிளைகூட விழலியே, என்னதான்யா பண்றீங்க?" என்றார். ஐயா, கூரை விழாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அதைத்தான் பண்ணிக்கொண்டிருந்தோம்.

எங்கள் பிளக்குகள் எல்லாம் அண்ணனின் பையில் இருந்தன. ஆனால் தெருவில் இன்னொரு ரம்பம் இருந்ததே! பக்கத்து வீட்டுக்காரர் உதவி செய்வதாக நினைத்துத் தன் ரம்பத்தைக் கொண்டுவந்தார். ஒரு கிளை தரையில் ஊன்றி வழியை மறித்துக்கொண்டிருந்தது. சும்மா கிடக்கும் கிளை என்று அறுத்தார். மரம் உருளாமல் தாங்கிக்கொண்டிருந்ததே அந்தக் கிளைதான். ரம்பச் சத்தம் கேட்டதும் அண்ணன் எங்கள் பக்கம் திரும்பினார். "யார்ரா அது?" என்றார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பிளக்குகள் அங்கேயே இருந்தன. நாங்கள் போட்ட கூச்சல் முன்பக்கம் கேட்கவில்லை. மரம் உருண்டது, அண்ணன் நின்ற பக்கத்துக் கூரை அவர்மேல் இறங்கியது.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள். ரம்பம் அவர் கையில் இருந்தது, சரி. "வெட்டுப்பா, வெட்டுப்பா" என்றவர்கள் எத்தனை பேர்? ஒரு ஃபேன் சுற்ற வேண்டும் என்பதற்காக ஒரு மனிதரைப் பறிகொடுத்துவிட்டோம். இங்கே புகழ்ந்துவிட்டு நாளைக்கும் இதே வாயால் விரட்டப் போகிறோம் என்றால், இந்தக் கூட்டம் எதற்கு?

மரம் இன்னும் அந்த வீட்டின்மேல்தான் கிடக்கிறது. நாளைக் காலை எடுக்கப் போகிறோம். மீதிக் கூரைக்கு முட்டுக் கொடுக்க நான் உள்ளே போகிறேன். தெருவின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி ஆள் நிறுத்துவோம். வெளி ரம்பம் ஒன்றுகூட உள்ளே வராது. அண்ணனின் முறைப்படியே செய்வோம், இனி எந்த வீட்டிலும் அப்படித்தான் செய்வோம். இது அவர் படத்துக்கு முன்னால் எங்கள் குழு கொடுக்கும் வாக்கு.

அண்ணி, அவர் பையிலிருந்து எடுத்த பிளக்குகள் இதோ என் கையில் இருக்கின்றன. "மரத்த எடுக்கும்போது நானும் வந்து நிக்கிறேன் தம்பி" என்று நேற்றுச் சொன்னீர்கள். வாருங்கள். இவற்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தெருவே சேர்ந்து கத்தினாலும், மேடையில் இருக்கும் ஐயாவே வந்து கேட்டாலும், நான் வெளியே வந்து உங்களிடம் முகத்தைக் காட்டும்வரை கொடுத்துவிடாதீர்கள்.