பாதித் திரை

கம்பியூட்டருக்கு வந்த பிறகு அந்தச் சுடுகிற விளையாட்டு கெட்டுப்போனது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, ஐயா. படம் துல்லியமாக இருந்தது. தூரத்துச் சுவரில் தோட்டா பட்டுச் சுண்ணாம்பு உதிர்வதுகூடத் தெரிந்தது. முதல் வாரம் திக்கித் திக்கி ஓடியது. பிறகு அதையும் திருத்திவிட்டார்கள்.

டிவியோடு இணைக்கும் கொன்சோலில் அதை இரண்டு பேர் சேர்ந்து விளையாடலாம். ஒரே திரை இரண்டாகப் பிரியும். மேல்பாதியில் என் கூட்டாளி ஜெரிசன், கீழ்ப்பாதியில் நான். குருநகரில் அவன் வீட்டில் ஆறு வருடம் அப்படித்தான் சுட்டோம். அவன் கதவைத் திறப்பான், நான் உள்ளே பாய்வேன். கதைக்கக்கூடத் தேவையில்லை. கம்பியூட்டருக்கு மாற்றியவர்கள் அந்தப் பாதித் திரையை எடுத்துவிட்டார்கள். ஒரு கம்பியூட்டருக்கு ஒரு ஆள்.

ஜெரிசன் கம்பியூட்டர் வாங்கினான். மவுசால் அவன் குறிவைக்கும் வேகத்தைப் பார்த்து, யாழ்ப்பாணத்தில் மூன்று பேர் அவனைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். ஒருநாள் என் பழைய ஜோய்ஸ்ரிக்கை அதில் மாட்டி நானும் விளையாடிப் பார்த்தேன். திரும்புவதற்குள் செத்துப்போனேன்.

"என்னடா எமில், ஆமை மாதிரித் திரும்புறாய்," என்று சிரித்தான். "நீ பின்னாலை இருந்து பாரன் மச்சான்."

இரண்டு மாதம் பின்னால் இருந்து பார்த்தேன். பிறகு ஒருநாள் டிவிக்குக் கீழே கொன்சோலைக் காணவில்லை.

"அச்சுவேலியிலை லவீனா மச்சாளின்ரை பிள்ளையளுக்குக் குடுத்திட்டன்," என்றான். "சும்மா தூசி பிடிச்சுக்கொண்டு கிடந்தது."

"என்ரை ஜோய்ஸ்ரிக்கையுமோ?"

"ஓம், அதில்லாமல் பிள்ளையள் என்னெண்டு விளையாடுறது?"

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

நான் அவனுடைய அப்பா கிறிஸ்ரோபர் மாமாவின் படகில் தொழிலுக்குப் போகிறவன். வலையில் திருக்கை வந்தால், வாலில் இருக்கும் நச்சுமுள்ளை முறித்துக் கடலில் எறிந்துவிட்டுத்தான் கூடைக்குள் போடுவோம். ஆகவே கரையில் மீன் பிரிக்கிறவர்கள் பார்க்காமலே கூடைக்குள் கை விடுவார்கள். ஜெரிசன் காலையில் வந்து பிரிப்பான். இடது கையில் போன், வலது கை கூடைக்குள். அந்தச் சனிக்கிழமை அவனுடைய அணிக்குப் போட்டி இருந்தது. வியாழக்கிழமை நான் ஒரு திருக்கையை முள் முறிக்காமல் போட்டேன்.

முள் குத்தினால் நஞ்சு இறங்க உடனே கையை, தாங்கக்கூடிய சூட்டில் சுடுதண்ணீருக்குள் வைக்கவேண்டும். எங்கள் கரையில் அது எல்லோருக்கும் தெரியும். தேத்தண்ணிக் கடைக்குச் சுடுதண்ணீர் எடுக்க நான்தான் ஓடினேன். ஓடினேன் என்றால், நடந்தேன். பிறகு ஆஸ்பத்திரியில் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

அவன் என்னைக் குறை சொல்லவில்லை. "அவசரத்திலை ஒண்டு தப்பிப்போச்சு, விடடா," என்றான். நான் தினமும் போய் அவன் பக்கத்தில் இருந்தேன். அச்சுவேலிக்குப் போய்க் கொன்சோலைத் திருப்பி வாங்கிவரட்டுமா என்று கேட்டேன். விளையாட்டில் அவன் இடது கையால் நடந்தால் போதும், சுடுவதை நான் பார்த்துக்கொள்வேன். யோசிப்பம் என்றான்.

ஆனால் கம்பியூட்டரில் எதையும் எந்தக் கைக்கும் மாற்றலாமாம். மூன்று மாதத்தில் அவனுடைய அணிக்காரர்கள் மவுசை இடது கைக்கு மாற்றிக்கொடுத்தார்கள். முன்னைவிட நன்றாகச் சுட்டான். "வந்து இரு மச்சான், பின்னாலை கதிரை கிடக்கு," என்றான்.

போன செவ்வாய்க்கிழமை அவன் மறுபடியும் கரைக்கு வந்தான். கூடைக்கு முன்னால் குந்தியிருந்து, கை விடாமல் என்னைப் பார்த்தான்.

"முறிச்சியோடா?"

"எல்லாம் முறிச்சாச்சு மச்சான்."

"நீ சொன்னால் சரி," என்று இடது கையை உள்ளே விட்டான்.

"ஒருக்கால் தப்பும். ரெண்டாந்தரம் எப்பிடித் தப்பும்?" என்று கேட்டு, கிறிஸ்ரோபர் மாமாதான் என்னை இங்கே பொலிசுக்குக் கூட்டிவந்தார். அவர் கேட்டது நியாயம். இரண்டு முறையும் வேண்டுமென்றுதான் போட்டேன், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கொஞ்சம் சீக்கிரம் எழுதி என்னை விடுங்கள். இனி அவனால் தனியாக விளையாட முடியாது. பக்கத்தில் நான் இருக்கவேண்டும்.