அவசியமான ஐந்து லைன்

மிஷின் நல்ல மிஷின். அதைப் பார்க்க வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். கரண்ட் போனதும் 'டொக்' என்று ஒரு சத்தம், பிறகு வண்டு முனகுவது போல ஒரு முனகல், அவ்வளவுதான். இரண்டு லாரி பேட்டரியும் ஒரு தகரப் பெட்டியும், கரண்ட் இல்லாத நேரத்தில் விளக்கை எரிய வைக்கும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பேட்டரியில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை நான் மறந்ததே இல்லை.

நீங்கள் மிஷினைப் பற்றிக் கேட்கவில்லை, என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆனால் அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்த வருடம் அவர் செய்த முதல் காரியம் சமையலறைச் சுவரில் ஒரு மின்சார மணி மாட்டியதுதான். விளக்குகூட அதற்கப்புறம்தான். பட்டன் அவர் கட்டிலருகே இருந்தது. ஒருமுறை அடித்தால் தண்ணீர், இருமுறை அடித்தால் காபி, மூன்றுமுறை அடித்தால் நான் நேரில் போக வேண்டும். கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்கு வருகிறவர்கள்கூட அதைப் பார்க்க வந்தார்கள். சென்னிமலைக் கவுண்டர் பொண்டாட்டியைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவதில்லை, எவ்வளவு மரியாதை என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் அது மரியாதையாகத்தான் பட்டது. என் அம்மா செத்துப்போன செய்தி வந்த அன்றும் மணி இரண்டுமுறை அடித்தது. காபி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

பதினாலு வருடம் கழித்து அவருக்கு வாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. பட்டனை ஒரு பலகையில் பொருத்தி இடது கைக்குக் கீழே கட்டிக் கொடுத்தோம். பாலக்காட்டு டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்: தொண்டையில் சளி அடைத்தால் உடனே ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வைத்தால் மூச்சு வந்துவிடும், தாமதித்தால் வராது. மணியடித்தால் ஓடிப் போனேன். பகல் வேளையில் மொத்தம் மூன்று நான்கு தடவை அப்படி நடந்தது. ஒவ்வொரு தடவையும் மூச்சு வந்தது.

பிறகு மழை பொய்த்தது. தினமும் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை கரண்ட் கிடையாது. மணி அடிக்காது என்பதால் அந்த மூன்று மணி நேரமும் நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் நான் பக்கத்தில் இருக்கும்போதே அவர் பட்டனை இரண்டுமுறை அழுத்தினார். சத்தம் வரவில்லை. நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி சேலைத் தலைப்பில் ஒரு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி அழுத்தினார். சத்தமில்லாத அந்த விரலைப் பார்க்கப் பார்க்க உள்ளுக்குள் ஏதோ ஒன்று காலை நீட்டிப் படுத்துக்கொண்டது போல இருந்தது. அதற்குச் சந்தோஷம் என்று பெயர் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஓய்வு என்று வைத்துக்கொண்டேன்.

மிஷின் வாங்கலாம் என்றது கொழுந்தனார் குப்பண்ணன்தான், அண்ணனுக்காக. பொள்ளாச்சியிலிருந்து பிச்சைமணி என்ற எலெக்ட்ரீசியன் வந்தார்.

"முழு வீட்டையும் இது தாங்காதுங்க. ரொம்ப அவசியமான அஞ்சு லைன் மட்டும் சொல்லுங்க" என்றார்.

"ரேடியோ" என்றார் கொழுந்தனார். "நாட்டு நடப்புத் தெரிய வேண்டாமுங்களா நங்கை?" அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கேட்பது சினிமாப் பாட்டு.

அவர் மனைவி காளியாத்தாள், "முன்னறை ட்யூப் லைட்டு" என்றாள்.

"மத்தியானத்துல எதுக்குங்க லைட்டு?" என்றார் பிச்சைமணி.

"நம்மூட்ல மட்டும் எரியறது ரோட்ல போறவங்களுக்குத் தெரிய வேண்டாமா? நல்லாக் கேட்டீங்க போங்க."

சாமி அறைப் பல்பு மூன்றாவது. செத்துப்போன மாமனார் படத்துக்குக் கீழே எரியும் சிவப்பு விளக்கு நாலாவது. அதை அணைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று இரண்டு பேரும் சொன்னார்கள். ஐந்தாவதாக, என் வீட்டுக்காரர் தலைக்கு மேலிருக்கும் ஃபேனை நான் சொன்னேன். எல்லோரும் என்னை மெச்சுவது போலப் பார்த்தார்கள்.

மற்றவர்கள் ட்யூப் லைட்டைப் பார்க்க முன்னறைக்குப் போன பிறகு, சமையலறையில் பிச்சைமணி மணியைக் காட்டினார்.

"அம்மிணி, இதையும் சேத்துப் போட்டர்லாமுங்க."

"வேண்டாமுங்க. மிஷினுக்குப் பாரம்."

"இது என்னங்க பாரம், எருமை மேல கொசு உக்காந்த மாதிரி."

"அஞ்சுன்னு சொன்னீங்கல்ல. அஞ்சே இருக்கட்டுமுங்க."

அவர் திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் கரண்ட் போனது. ரேடியோ பாடியது, ட்யூப் லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது. "இனி நீங்க காவலிருக்க வேண்டியதில்லைங்க நங்கை. மணியடிச்சாப் போயிக்கலாம்" என்றார் கொழுந்தனார். நான் "ஆமாங்க" என்றேன். நான் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். என் வீட்டுக்காரரும் ஃபேனைப் பார்த்துத் தலையசைத்தார்.

அன்றிலிருந்து மதியத்தில் சமையலறைக்கு அடுத்த தானிய அறையில் பாயை விரித்துப் படுத்தேன். கல்யாணமான பிறகு பகலில் நான் தூங்கியது அப்போதுதான். சில நாள் தூங்காமல் சும்மா கிடப்பேன். எனக்கென்று ஒரு யோசனை இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பேன். முதலில் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு ஒன்றிரண்டு வர ஆரம்பித்தன.

பதினோராம் நாள் சரியாக ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. உடனே மணி அடித்தது. ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாமல் நிற்காமல் அடித்தது. நான் ஓடினேன். முற்றத்தைக் கடந்து ஓடியதைப் பக்கத்து வீட்டுப் பழனாத்தாளும் பார்த்தாள். அவர் கை பட்டன் மேல் விழுந்து கிடந்தது. உடம்பு ஆறியிருந்தது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"மணிச் சத்தம் கேட்ட ஒடனே நாச்சக்கா எப்படி ஓடுனா தெரியுமா? சாகற வரைக்கும் ஓடுனா" என்று பழனாத்தாள் இழவு வீட்டில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அதில் பொய்யில்லை.

பிச்சைமணி துக்கம் கேட்க வந்தார். என்னிடம் மட்டும் மெதுவாக, "நான் அன்னைக்கே சொன்னனுங்களே அம்மிணி" என்றார். "ஆமாங்க, சொன்னீங்க" என்றேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அதற்கப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை.

மறதி என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். எனக்கு மறதி கிடையாது. அன்று மூன்றேகாலுக்கு விழித்தேன். கொழுந்தனாரும் காளியாத்தாளும் தோட்டத்துக்குப் போகும்போது நிறுத்தாமல் விட்ட ரேடியோவில் பாட்டு முடிந்து யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அடியில் இன்னொரு சத்தம். இடது கையால் பலகையைத் தூக்கிக் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டிருந்தார். நல்ல தேக்குச் சட்டம், நன்றாகவே கேட்டது. வேகமாக இருந்தது, பிறகு விட்டு விட்டு வந்தது. எழுந்தால் இருபது அடி.

துணைக்கு ஒரு ஆளில்லாமல் போய்ச் சேர்ந்தார் என்று ஊரில் சிலர் வருத்தப்படுகிறார்கள். அது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்தச் சத்தம் நிற்கும்வரை நான் கண்ணை மூடவே இல்லை. அவருக்குத் துணையாக விழித்துக்கொண்டேதான் இருந்தேன்.