ஒருத்தி மட்டும் தேறிய வகுப்பு

— இன்னொரு தடவை சிரிச்சே ஹார்லன், இந்தப் படியிலேயே உருட்டி விட்டுடுவேன்.

— நான் எங்கே சிரிச்சேன் லூயெல்லா? தூசு. தானியக் கிடங்கிலேருந்து நேரா வந்தேன். மூக்கெல்லாம் கோதுமைத் தூசு.

— தூசுக்குத் தோள் குலுங்குமா? சரி, சிரிச்சுத் தொலை. உள்ளே ஊரே ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டுச் சிரிக்குது, நீ மட்டும் எதுக்குப் பாவம் அடக்கணும்? நெப்ராஸ்கா முழுக்கத் தேடினாலும் ஒரே ஒருத்தி தேறின வகுப்பு எங்க வகுப்பாத்தான் இருக்கும். முதல் மாணவி நான். கடைசி மாணவியும் நான்.

— வகுப்புத் தலைவி?

— நானே. செயலாளரும் நானே. வகுப்புப் பூ எதுன்னு முறைப்படி ஓட்டெடுப்பு நடத்தினேன். பியோனி ஏகமனதா ஜெயிச்சுது.

— எதிர்ப்பே இல்லையா?

— நடுவிலே கொஞ்சம் ரோஜாப் பக்கம் சாய்ஞ்சேன். அப்புறம் நானே என்னைச் சமாதானப்படுத்திட்டேன்.

— ஆனா பட்டம் வாங்க மேடைக்கு நடந்தியே அந்த ஊர்வலம், லூ...

— அதைப் பேசாதே. பேண்டுக்காரங்க பழகியிருந்தது கூட்டமா நடக்கிறவங்களுக்கான நீளப் பாட்டு. நான் மேடைக்குப் போய்ச் சேர்ந்தாச்சு, பாட்டு இப்பத்தான் சூடு பிடிக்குது. என்ன பண்றது? பூச்சாடியை நகர்த்தி வெச்சேன். சரியா இல்லேன்னு பழைய இடத்துக்கே நகர்த்தினேன்.

— மறுபடி நகர்த்துவியா மாட்டியான்னு எனக்கும் இரும்புக்கடைக்காரருக்கும் பந்தயம்.

— யார் ஜெயிச்சா?

— நான்தான். உன்னை எனக்குத் தெரியாதா?

— தலைக்கு மேலே அந்தத் துணி வேற. 'தோளோடு தோள் நின்று முன்னேறுவோம். 1910ஆம் ஆண்டு வகுப்பு.' அதுக்குக் கீழே ஒரே ஒரு ஜோடித் தோள். அதுவும் கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பிலே அரிப்பெடுத்துக்கிட்டு.

— அந்த வாசகத்தை நான்தானே சொன்னேன்? முதல் வருஷம், ஏழு பேரும் இருக்கிறப்போ.

— ஏழு பேர்! ஓபல் முடிதிருத்துறவரைக் கட்டிக்கிட்டா. ரெட்டைப் பசங்க குடும்பத்தோட கொலராடோ போயாச்சு. கிளைடு ரயில்லே கரி அள்ளப் போனான். நெட்டிக்குக் கணக்கு வரலே, அழுதுட்டு வீட்டோட நின்னுட்டா. அப்புறம் நீ...

— குரலை இறக்காதே லூ. சாவு வீட்டுக்கு வந்தவ மாதிரி. அப்பா கை எந்திரத்திலே மாட்டிச்சு, நான் மூட்டை தூக்கப் போனேன். அவ்வளவுதான்.

— சரி, இறக்கலே. இதையெல்லாம்கூடத் தாங்கிக்கலாம் ஹார்லன். என் பேச்சு! 'என் அருமை வகுப்புத் தோழர்களே'ன்னு திரும்பிக் கையை நீட்டறேன். அங்கே ஒரு காலி நாற்காலிகூட இல்லே. பூச்சாடி நிக்குது.

— பாக்கச் சகிக்கலே. அதான் குரல் கொடுத்தேன்.

— கொட்டகையோட கடைசி வரிசையிலேருந்து 'இருக்கேன்!'னு அலறறதுக்குப் பேரு குரல் கொடுக்கிறதா? ஊர் மொத்தமும் திரும்பி உன்னைப் பார்த்துது. எங்கம்மா விசிறியாலே முகத்தை மூடிக்கிட்டா. எனக்கு மீதிப் பேச்சு அப்படியே மறந்து போச்சு.

— நல்லதாப் போச்சு. மீதியிலே ரோமாபுரி வீழ்ந்த கதை வந்திருக்கும்.

— வந்திருக்கும். ரெண்டு தடவை வீழ்ந்திருக்கும். ஆனா நீ கத்தினப்போ... ஒண்ணுமில்லே, விடு. ஆமா, மூட்டை தூக்கிட்டு நேரா வந்தேன்னே, கழுத்துப்பட்டி எப்படி வந்துது?

— அப்பாவோடது. காலையிலே கட்டினேன், அவிழ்க்கத் தெரியலே. லூ, அது வந்து... உன்கிட்ட ஒரு விஷயம்.

— தெரியும்.

— தெரியுமா?

— ஊருக்கே தெரியும். நீ கழுத்துப்பட்டி கட்டினா ஒரே ஒரு காரணம்தானே இருக்க முடியும்? கேளு.

— கேக்கிறதில்லே. சொல்றது.

— சரி, சொல்லு. பயப்படாதே, மயக்கம் போட மாட்டேன். முகத்தை எப்படி வெச்சுக்கிறதுன்னு ஒரு வாரமாக் கண்ணாடி முன்னாடி பழகியிருக்கேன்.

— இதுக்கு எதுக்கு முகம் பழகணும்?

— சொல்லேன், மனுஷா!

— அது வந்து... செப்டம்பர்லேருந்து நான் பள்ளிக்கூடம் வர்றேன்.

— எங்கே வர்றே?

— பள்ளிக்கூடம். திரும்பச் சேர்றேன். தம்பி ஆளாயிட்டான், கிடங்கு வேலையை அவன் பார்த்துப்பான். காலையிலே தலைமையாசிரியர் பெட்டிபோன் ஐயாவைப் பார்த்துப் பேசிட்டேன், அதுக்குத்தான் இந்தப் பட்டி. விட்ட இடத்திலேருந்து இன்னும் ரெண்டு வருஷம். மேஜைக்கு அடியிலே முழங்கால் நுழையாது. பொடிசுங்க என்னை வாத்தியார்னு நினைச்சு எழுந்து நிக்கும். பரவாயில்லே, நிக்கட்டும். லூ? முகம் ஏன் இப்படிப் போகுது? இதுவா கண்ணாடி முன்னாடி பழகினது?

— இல்லே. இது பழகாத முகம்.

— தப்பா ஏதாவது சொல்லிட்டேனா?

— நீ சொன்னதிலே ஒரு தப்பும் இல்லே. நல்ல காரியம். ரொம்ப நல்ல காரியம். நான்தான் வகுப்பிலே முதல் முட்டாள். அதுக்கும் போட்டியே கிடையாது. கேட்டுக்கோ. விழாவுக்கு முன்னாடி பெட்டிபோன் ஐயா என்னைத் திரைக்குப் பின்னாலே கூப்பிட்டார். இங்கிலீஷ் டீச்சரம்மா ஊரைவிட்டுப் போறாங்களாம். கோடையிலே பயிற்சியை முடிச்சுட்டு வா, செப்டம்பர்லே அந்த வேலை உனக்குத்தான்னார்.

— லூ! இதுக்காகத்தானே நாலு வருஷம் மல்லுக்கட்டினே!

— ஒரே ஒரு நிபந்தனை. ரெண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே இருக்கக் கூடாது. கல்யாணமானவளுக்கு அங்கே வேலை கிடையாதுன்னு உனக்குத்தான் தெரியுமே.

— அதனாலே என்ன? சரின்னிருப்பே.

— வேண்டாம்னேன்.

— பைத்தியமா உனக்கு? ஏன்?

— 'மன்னிக்கணும் ஐயா, எனக்கு வேற ஏற்பாடு இருக்கு'ன்னேன். தலையை இப்படிக் குனிஞ்சுக்கிட்டு. வெக்கம்கூடப் பட்டேன், நல்லா வந்துது.

— ஏற்பாடா? யாரோட? அந்த மருந்துக்கடைப் பையனோடவா?

— ஹார்லன்.

— யாரு, அவன் பேரும் ஹார்லனா?... ஓ.

— ஆமா. ஓ.

— லூ, நான் இன்னும் கேக்கவே இல்லையே.

— அதைத்தான் நானும் இப்போ கவனிச்சேன்.

— கேக்காம இல்லே, லூ. கேக்கணும்னு எப்பவோ முடிவு பண்ணியாச்சு. பாதியிலே நின்னவன், முடிச்சவகிட்ட எந்த முகத்தோட வந்து கேப்பான்? நானும் அந்த மேடையிலே ஏறி இறங்கினப்புறம் கேக்கலாம்னு இருந்தேன். அது வந்து... ரெண்டு வருஷம். உனக்கு அதிகம்னா இப்பவே கேட்டுடறேன். பள்ளிக்கூடமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

— வாயைத் திறந்தே, கொன்னுடுவேன். நகரு.

— கோபமா?

— வழியை விடுன்னா விடேன்! பெட்டிபோன் ஐயா வண்டி பூட்டறதுக்குள்ளே அவரைப் பிடிக்கணும்.

— என்ன சொல்லப் போறே அவர்கிட்ட?

— ஏற்பாடு ரெண்டு வருஷம் தள்ளிப் போச்சுன்னு சொல்லப் போறேன். அப்புறம், ஹார்லன், செப்டம்பர்லேருந்து யார் முன்னாடியாவது என்னை லூன்னு கூப்பிட்டே, மூலையிலே நிக்க வெச்சுடுவேன். டீச்சர்னு கூப்பிடணும்.