பின்னால் ஃபேன் சுற்றுகிறது

பிரின்ஸ்டன் ஜங்ஷன் போகும் ரயிலில், முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் சொன்ன ஒன்றைக் கேட்டதும் நான் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

“இன்னிக்கு மீட்டிங் ரெக்கார்டிங் போட்டுப் பாத்தேன். நான் அசையாம உக்காந்திருக்கேன். பின்னாடி ஃபேன் சுத்திட்டிருக்கு.”

“வீடியோ ஃப்ரீஸ் ஆயிடுச்சுன்னு சொன்னாங்களே?”

“எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. நானும் ரெண்டு தடவை ரௌட்டரை மாத்திட்டேன்.”



“டாக்டர்கிட்ட சொல்லணும்.”

“ஸ்கேன், ஈஈஜி எல்லாம் நார்மல். அசையாம அப்படியே நின்னுபோற மாதிரி ஃபிட்ஸா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னாரு. இதைச் சொன்னா டிரைவ் பண்ணக் கூடாதும்பாரு. நீ லேட்டா வர்ற நாள்ல பாப்பாவை டேகேர்லேர்ந்து யார் கூட்டிட்டு வர்றது?”

“பாப்பாவை வெச்சுக்கிட்டு டிரைவ் பண்றப்போ அப்படி ஆச்சுன்னா?”

ரயில் வேகம் குறைந்தது.

“சாவியக் குடுங்க. இனிமே நான்தான் ஓட்டுவேன்.”

அவர் பதில் சொல்லவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எட்டி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“என் மேல கோவமா? இல்ல… அதுவா?”