கீபோர்டுக்கு எதற்கு ஞாபகம்?

"கீபோர்டுக்குள்ள மெமரி இன்னாத்துக்குடா? அது இன்னா பரீச்சை எழுதவா போவுது—"

"டேய், நான் சொல்றத முழுசா—"

"இன்னா முழுசா? விரல்ல வேகம் இருந்தா ஓட்ட கீபோர்டு போதும். தனியா பிராசஸராம், தனியா மெமரியாம். நாளைக்கு நாற்காலிக்கு மூளை வெச்சி விப்பானுங்க, நீ அதையும் வாங்கினு வருவ—"

"செட்டிங்ஸ் எல்லாம் அதுக்குள்ளயே இருக்கும்டா! போட்டில அவன் கம்ப்யூட்டர்ல உன் சாஃப்ட்வேர ஏத்த வுடுவானா? இத சொருவுனா போதும், உன் வூட்டுல ஆடுற மாதிரியே—"

நான் அப்போது வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெண்டைக்காயைக் கழுவித் துடைத்த பிறகுதான் நறுக்க வேண்டும். ஈரத்தோடு நறுக்கினால் பிசுபிசுத்துப் போகும். இதுகூடத் தெரியாத இரண்டு பேர் மூளையைப் பற்றிச் சண்டை போட்டால் நான் என்ன செய்வது?

மெமரி வேண்டாம் என்றவன் மணிபாரதி, என் தம்பி. வேண்டும் என்றவன் ராஜ்மோகன், செலியமேட்டுக்காரன். திருபுவனையில் ஒரு தொழிற்சாலையில் வேலை, மிச்ச நேரமெல்லாம் எங்கள் வீட்டில் வாசம். அந்தக் கீபோர்டை அவன்தான் மணிக்குப் பரிசாகக் கொண்டுவந்தான். தீமிதித் திருவிழாவின் சீரியல் விளக்குபோலப் பச்சையும் ஊதாவுமாக மினுக்கியது. மாரியம்மனை வைக்க மட்டும் இடமில்லை.

நான் பாகூர் கடைத்தெருவில் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறேன். முன்பக்கம் பயிலகம், பின்பக்கம் வீடு. கஸ்தூரி டீச்சர் என்றால் தெரியும். என்னிடம் படித்த பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார்கள். ஞாபகம் விரலில் இருக்க வேண்டும். விரலில் இல்லாதவன்தான் பலகைக்குள் தேடுவான். இதை அவர்களிடம் நான் சொன்னதில்லை. உட்கார்ந்த இடத்தில் பொம்மைகளைச் சுட்டுவிட்டு மூச்சு வாங்குகிறவர்களிடம் எதைச் சொல்ல?

"நீங்க சொல்லுங்கக்கா," என்று ராஜ்மோகன் பலகையை என் பக்கம் திருப்பினான். "இந்த ரெக்கார்டு பட்டன அமுக்கணும். எந்தப் பட்டன்ல வெக்கணுமோ அத அமுக்கணும். அப்பறம் இன்னா அடிக்கிறீங்களோ, அது உள்ள போயி ஒக்காந்துக்கும். பின்னாடி அந்த ஒத்தப் பட்டன தொட்டா மொத்தமும் தானா வுழும். கம்ப்யூட்டர தூக்கி ஏரில போட்டாக்கூட இதுல இருக்கிறது போவாது."

"வேற ஊருக்கு எடுத்துனு போனாலும் போவாதா?"

"எங்க போனாலும் போவாதுக்கா. ஆனா போட்டில அந்த மாதிரி வெக்கக் கூடாது. கண்டுபுடிச்சா ஆயுசுக்கும் தடை."

நான் வெண்டைக்காயை வாணலியில் போட்டேன்.

புதுச்சேரியில் நடந்த அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டியில் ஜெயித்தால் பெங்களூர் அணியில் இடம். மணி ஆடுவான், ராஜ்மோகன் மாற்று ஆள். ஒரு வாரமாக வீட்டில் வேறு பேச்சில்லை.

"தங்க எடம், சாப்பாடு, எல்லாம் அவங்களே குடுக்கறாங்கக்கா," என்றான் மணி.

சாப்பாடாம். எவன் சமைத்ததோ. அம்மா போனபோது இவனுக்கு நடக்கத் தெரியாது. நான் வளர்த்தேன். எனக்குக் கல்யாணம் எப்போது என்று கேட்பதையே ஊர் விட்டுவிட்டது. இன்றும் மீனுக்கு முள் எடுத்து வைத்தால்தான் தின்பான். பெங்களூரில் முள் எடுத்துத் தர ஆள் போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போட்டியன்று காலை அவன் குளிக்கப் போயிருந்தான். நான் கீபோர்டைத் துணியால் துடைத்துப் பையில் வைத்தேன்.

மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாதி ஆட்டத்தில் நடுவர் கையைத் தூக்கினார். புகைக்குண்டு வீச மணி ஒரு பொத்தானைத் தொட்டால் ஆறு பொத்தான் விழுகிறது, ஒவ்வொரு முறையும் இடைவெளி அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல. கம்ப்யூட்டர் அவர்களுடையது. ஆகவே திருட்டு கீபோர்டுக்குள். மைக்கில் சொன்னார்கள். கூட்டம் ஊளையிட்டது. மணியை எழுப்பிவிட்டு அதே நாற்காலியில் ராஜ்மோகனை உட்கார வைத்தார்கள்.

யார்மேல் சந்தேகம் வரும் என்று யோசிக்க ஐந்தாம் வகுப்புப் படிப்புப் போதும். கீபோர்டு கொடுத்தவன் அவன், அதில் வைக்கத் தெரிந்தவன் அவன், பெங்களூர் இடம் கிடைத்தவனும் அவன். என் தம்பிக்கு அந்த அளவு படிப்பு உண்டு.

மறுநாள் ராஜ்மோகனே வந்தான். குற்றமுள்ளவன் வரமாட்டான் என்பது மணிக்குத் தோன்றவில்லை. வந்தவன் பயிலக வாசற்படியில், ஷட்டர் இறங்கும் கட்டையில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தான்.

"எங்கம்மா மேல சத்தியமா நான் வெக்கலடா. எனக்கு அந்த எடமும் வோணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"வேற யாருடா வெச்சது? இந்த வூட்டுல வேற யாருக்குடா தெரியும்?"

ராஜ்மோகன் என்னைப் பார்த்தான். அவன் சந்தேகப்படவில்லை. துணைக்குத்தான் பார்த்தான். "அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா. நான் செய்வனா?"

மணியின் கை அதற்குள் ஷட்டர் கொக்கிக்குப் போயிருந்தது. நான் பார்த்தேன். கட்டையில் இருந்த கையையும் பார்த்தேன்.

"யார் மனசுல இன்னா இருக்குன்னு நான் எப்பிடிப்பா சொல்றது?" என்றேன்.

எங்கள் ஷட்டர் பழையது, கனமானது. ஆஸ்பத்திரியில் ராஜ்மோகனுக்கு வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் போலீஸ், வழக்கு. ஜாமீனுக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன். மணி புதுச்சேரியைத் தாண்டக் கூடாது, ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. வீட்டிலேயே இருக்கிறான். வேளைக்குச் சாப்பிடுகிறான். இளைத்திருந்தவன் கொஞ்சம் தேறியிருக்கிறான் என்று ஆஸ்பத்திரியில் ராஜ்மோகனின் அம்மாவிடமே சொன்னேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது.

அந்தக் கீபோர்டு பரணில் கிடந்தது. மணி அதைத் தொடவே இல்லை. நானும் எறியவில்லை. பலகைக்கு ஞாபகம் என்பதை நான் எப்போது மதித்தேன், பயந்து எறிய?

இன்று மதியம் அவன் அதை இறக்கிப் பயிலகக் கம்ப்யூட்டரில் சொருகினான். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, அந்தப் புகைக்குண்டுப் பொத்தானை அழுத்தினான்.

ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்.

தட்டச்சுப் பள்ளியில் முதல் நாள் பாடம் அது. இடது கை நாலு எழுத்து, ஆள்காட்டி விரல் ஜிக்குப் போய் எஃப்புக்குத் திரும்ப வேண்டும். விளையாடுகிறவன் யாரும் திரும்பமாட்டான். பயிலகத்தில் உட்கார்ந்தவர்களின் விரல்தான் திரும்பும். என் பெண்கள் அதை அடிக்கிற சத்தத்தில்தான் மணி குழந்தையாகத் தூங்கினான். நான் அதை யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. எதையாவது அடி என்றால் என் கை அதைத்தான் அடிக்கும்.

ஆமாம், நான்தான் வைத்தேன். அவன் குளித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும் என்று நினைப்பது எந்தச் சட்டத்தில் குற்றம்? ஷட்டரை இழுத்தது என் கை இல்லை. நான் இருவரில் யாருக்கும் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை.

மணி மறுபடி அழுத்தினான். மறுபடியும். பக்கம் நிறைந்துகொண்டே போனது.

"அக்கா," என்றான், திரும்பாமல். "ராஜ்மோகனுக்கு டைப்பு தெரியாதில்ல?"

நான் தட்டைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தேன்.

"சங்கரா மீனு. முள்ளு எடுத்து வெச்சிருக்கேன். ஆறிடப் போவுது, சாப்புடு."