ஜீப்பை உயர்த்திய மகன்

யட்டவத்த போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த மூத்தவர் சொன்னார்: “மகன் ஜீப்ப உசத்தினதுல இருந்து எனக்கு பஸ்தான்.”

“ஏன் உசத்தினாரு மாமி?” என்றாள் இளையவள்.

“வில்கமுவ வயல் பாதைல அடி தட்டுதாம். ஸ்பிரிங்குக்கு மேல கட்டை வச்சு, பெரிய டயரும் போட்டான். இப்ப வயலுக்குக் கொண்டு போறதே இல்ல, சேறு பட்டுடுமாம். மாத்தளை டவுனுக்குள்ளயே சுத்துறான்.”

“ஒங்கள ஏத்திவிட மாட்டாரா?”

“ஏறுங்க உம்மான்னு ஸ்டியரிங்கப் பிடிச்சிக்கிட்டே இருப்பான். எனக்குக் கால் எட்டாது.”

“பஸ் படியும் உசரந்தானே மாமி?”

மூத்தவர் வாசலில் நின்ற கண்டக்டரைப் பார்த்தார்.

“உசரந்தான். அந்தப் புள்ள எறங்கி வந்து கையப் பிடிக்குது.”