இரண்டு ஓலை வாசித்த பிறகு

— கத்தியக் கீழ வையி, தேவகுமாரி. இந்தத் திருக்கை மீன் வயித்துக்குள்ள ரெண்டு குட்டிங்க கெடக்குது.

— நானும்தான் பாத்தேன், மரியதாசு. ஏரிக்கரையில பூச்சியக் கண்ணாடிக்குள்ள குத்தி விக்கறவரு எனக்குப் புத்தி சொல்ல வேண்டாமுங்க.

— ஏனுங்க, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குது.

— பாவாயக்கா, நீங்க போயி உங்க பூவக் கட்டுங்க.

— கட்டிட்டேதான் இருந்தேன் கண்ணு, காதுல தானா வந்து விழுந்துச்சு. எனக்கெதுக்குங்க ஊர் வம்பு? மாதா கோயில்ல உங்க கல்யாணத்த ஊருக்கு அறிவிச்சு ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. வர்ற ஞாயித்துக்கெழமை மூணாவதும் வாசிச்சுட்டா தாலிதான். இப்பப் போயி ஒரு மீனுக்காகவா?

— இது திருக்கைங்க்கா. மத்த மீனாட்டம் ஆயிரமாயிரமா முட்டை போடாது. நொம்ப நாள் செமந்து ஒண்ணோ ரெண்டோ குட்டி. அதையும் வயித்தோட புடிச்சு இவ வித்தா கடல்ல என்ன மிஞ்சும்?

— றெக்கை நுனியில பாம்புத்தலை போட்ட உங்க அந்துப்பூச்சி மட்டும் என்னவாம்? அதுக்குத் திங்க வாயே இல்ல. முட்டை வெக்கறதுக்குன்னே நாலு நாள் உசுரு. அதையும் எஸ்டேட் வாசல் மெர்குரி லைட்டுக்கடியில பொறுக்கிட்டு வந்துடறீங்க. எங்கூட்டுக்குக் குடுத்தீங்களே ஒரு பிரேமு, அதுல பஞ்சு மேல வரிசையா முட்டை.

— முட்டையா?

— ஊசி குத்தின பெறகு வெச்சது.

— அட சாமி. பொண்ணு ஊட்டுக்குச் சீரா அதையா குடுத்தே, மரியதாசு?

— செத்துப்போச்சுன்னு நெனச்சுத்தான் குத்தினேங்க்கா. சத்தியமா... ஆனா அந்து நூத்துக்கணக்குல வெக்கும், தேவகுமாரி. திருக்கைக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.

— நூத்துக்கணக்குல வெச்சும் கொறையுதே, அது இன்னும் மோசமில்லீங்களா? நீங்க ஊசிய விடுங்க. இல்லாட்டி மூணாவது ஓலை வேண்டாமுன்னு பங்குச்சாமிகிட்ட நானே சொல்லிடறேன்.

— நீ திருக்கைய விடு. நான் அந்துவ விடறேன்.

* * *

— அப்புறம், பாவாயக்கா? நான் பிரசவத்துக்கு அம்மா ஊட்டுக்குக் கொட்டச்சேடு போயிட்டேன், ஒண்ணும் தெரியல. கல்யாணம் நடந்துச்சுங்களா?

— ஜோரா நடந்துச்சு, பார்வதி. திருக்கையும் அந்துவும் இனித் தொடறதில்லன்னு மாதா சுரூபத்துக்கு முன்னால ரெண்டு பேரும் சத்தியம் பண்ணாங்க. மாலை நான்தான் கட்டினேன், கட்டினவளே அழுதுட்டேன். இப்பச் சேலத்துக்குக் குடி போயிட்டாங்க. அவ கோழிக்கறி போடறா. அவன் சாமி படத்துக்குப் பிரேமு போடறான்.

— சத்தியத்த யாரும் மீறலையே?

— மீற என்ன கண்ணு இருக்குது? அன்னைக்குச் சண்டை போட்டாங்களே, அந்த மீன்கூடைக்கப்புறம் பஸ்ஸுல ஒரு திருக்கை ஏறி வரல. எஸ்டேட் லைட்டுல ஒரு அந்து வந்து உக்காரல. இல்லாமப் போனதத்தான் ரெண்டு பேரும் பெரிய மனசு பண்ணி விட்டுக்குடுத்திருக்காங்க.